பையன் ஒரு காலத்துல மருந்து எடுத்தான், இப்ப வெஸ்ட் பாயிண்ட் கேக்குறான்: மெடிக்கல் வேவர் முழு வழிகாட்டி

நவம்பர்ல ஒரு நாள் சாயங்காலம் நான் சாம்பாருக்கு புளி கரைச்சிட்டு இருக்கேன், பையன் வந்து போன நீட்டி "அம்மா, டிக்யூ வந்துருச்சு"ங்கிறான். டிஸ்குவாலிஃபைட். அவன் கேட்ட வெஸ்ட் பாயிண்ட், அதான் அமெரிக்க ராணுவ அகாடமி, அதுல சேர மெடிக்கல் தகுதி இல்லன்னு. என்னடா காரணம்னு பாத்தா, 14 வயசுல குளிர்கால இருமலுக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த ஒரு இன்ஹேலர். அத மொத்தமே நாலஞ்சு நாள் அடிச்சிருப்பான், அப்புறம் பாத்ரூம் ஷெல்ஃப்ல கிடந்து எக்ஸ்பைரி ஆகி குப்பைக்குப் போச்சு. ஆனா ரெக்கார்டு குப்பைக்குப் போகல.

வேவர், அதாவது மெடிக்கல்ல தேறலன்னாலும் சேத்துக்கிறோம்னு அகாடமி கொடுக்குற விலக்கு, கடைசில மார்ச்ல வந்துச்சு. அதுக்குள்ள நாங்க பண்ணின தப்பு, அலைச்சல், தெரிஞ்சவங்க வீட்டுப் பிள்ளைங்களுக்கு நடந்தது எல்லாத்தையும் சேத்து வரிசையா எழுதுறேன், ஏன்னா அமெரிக்காவுல நம்ம ஆளுங்க பிள்ளைங்க நிறைய பேர் இப்ப இந்த ராணுவ அகாடமிங்க பக்கம் போறாங்க, ஆனா வீட்ல யாருக்கும் இந்த சிஸ்டம் தெரியாது. ஒன்னு முதல்லயே சொல்லிடுறேன், பிள்ளை அமெரிக்க சிட்டிசனா இருக்கணும், கிரீன் கார்டு பத்தாது. அது இல்லனா இதுக்கு மேல படிச்சு பிரயோஜனம் இல்ல.

யாரு என்ன முடிவு பண்றாங்க

இத புரிஞ்சுக்காமதான் பாதி பேர் தப்பான கதவ தட்டிட்டு இருக்காங்க. டாட்மெர்ப்னு ஒரு போர்டு இருக்கு, பாதுகாப்புத் துறையோடது, கொலராடோ ஸ்பிரிங்ஸ்ல ஏர் ஃபோர்ஸ் அகாடமி வளாகத்துல உக்காந்திருக்கு. வெஸ்ட் பாயிண்ட், அன்னாபொலிஸ் நேவல் அகாடமி, ஏர் ஃபோர்ஸ் அகாடமி, நியூ லண்டன்ல இருக்குற கோஸ்ட் கார்டு அகாடமி, கிங்ஸ் பாயிண்ட் மெர்ச்சன்ட் மரைன் அகாடமி, அதோட ஆர்ஓடிசி (சாதாரண காலேஜ்ல படிச்சுக்கிட்டே ராணுவ அதிகாரி பயிற்சி எடுக்குறது) ஸ்காலர்ஷிப், எல்லாத்துக்கும் மெடிக்கல் பாக்குறது இவங்கதான். இவங்க வேலை ரூல் புக்க வச்சு "தேறுது", "தேறல" சொல்றது மட்டும்தான். வேவர் கொடுக்குற அதிகாரம் இவங்களுக்குக் கிடையாது, அது அந்தந்த அகாடமி கையில இருக்கு.

"வேவர்க்கு எங்க அப்ளை பண்றது, ஃபார்ம் எங்க"னு எல்லாரும் கேக்குறாங்க, நானும் ரெண்டு நாள் தேடினேன். அப்படி ஒரு ஃபார்மே இல்ல. டிக்யூ வந்தா அந்தத் தகவல் அகாடமிக்கு தானா போயிடும், அட்மிஷன் ஆபீஸ் உங்க பிள்ளையோட ஃபைல பாத்து "இவன் நமக்கு வேணும்"னு நினைச்சா அவங்களே வேவர் ப்ராசஸ ஆரம்பிப்பாங்க. மார்க்கும் ஃபிட்னஸும் நாமினேஷனும் (செனட்டர், காங்கிரஸ் மெம்பர் மாதிரி ஆளுங்க கொடுக்குற பரிந்துரை) சுமாரா இருந்தா மெடிக்கல் ஃபைல திறந்தே பாக்க மாட்டாங்க. சென்னையில இருக்குற என் மாமா ஒருத்தர், "அப்பீல் மெடிக்கல் போர்டுக்கு போங்க, அதுக்கு மேல ரிவ்யூ மெடிக்கல் போர்டு இருக்கு"ன்னு தினமும் போன்ல சொல்லிட்டு இருந்தார், அது நம்ம ஊர் என்டிஏ (இந்திய ராணுவ அகாடமி) வழி, அமெரிக்காவுல அப்படி மாடிப்படி எதுவும் இல்ல.

அதனால ஒரே பிள்ளை மூணு இடத்துக்கு அப்ளை பண்ணினா மூணு இடத்துலயும் பதில் வேற வேறயா வரலாம். ஒரு இடத்துல "சரி", இன்னொரு இடத்துல "முடியாது". டிக்யூ மட்டும் பெரும்பாலும் எல்லாத்துக்கும் ஒன்னுதான்.

எந்த மருந்து மாட்டும்

ரூல் புக் பேரு டிஓடி (பாதுகாப்புத் துறை) இன்ஸ்ட்ரக்ஷன் 6130.03, முதல் வால்யூம். இணையத்துல ஓப்பனா கிடைக்கும். அப்பப்ப திருத்துவாங்க, அதனால யாரோ நாலு வருஷம் முன்னாடி சொன்னத நம்பாம நீங்க அப்ளை பண்ற வருஷத்து வெர்ஷன எடுத்து உங்க பிள்ளையோட பிரச்சினை இருக்குற பகுதிய மட்டும் வரி வரியா படிங்க. நம்ம வீடுகள்ல அடிக்கடி வர்றது மூணு.

முதல்ல இன்ஹேலர். 13வது பிறந்தநாளுக்கு அப்புறம் ஆஸ்துமா, ரியாக்டிவ் ஏர்வே, ஓடினா மூச்சு இழுக்குறதுன்னு எது இருந்தாலும் டிக்யூ. நோய் இருந்தா மட்டும்னு இல்ல, அதுக்காக ஆல்பியூட்டரால் மாதிரி மூச்சுக்குழாய விரிக்குற பீட்டா அகோனிஸ்ட், இழுக்குற ஸ்டீராய்டு, மான்டெலுகாஸ்ட் மாதிரி மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தாலே டிக்யூ. 13 வயசுக்கு முன்னாடி நடந்து அதோட முடிஞ்சிருந்தா பெரும்பாலும் பிரச்சினை இல்ல.

நம்ம ஆளுங்களுக்கு இதுல ஒரு தனி கண்ணி இருக்கு. லீவுக்கு மதுரை போறோம், ஏசி கார், தூசி, பிள்ளைக்கு சளி. பாட்டி தெருமுனை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறாங்க, அவர் மாண்டேர் எல்சி ஒரு அட்டை எழுதுறார், கொஞ்சம் இழுப்பு மாதிரி இருந்தா ஒரு நெபுலைசர் வச்சு அனுப்பிடுறார். மாண்டேர் எல்சில இருக்குறது மான்டெலுகாஸ்ட்டும் லீவோசெட்ரிசினும். நெபுலைசர்ல ஊத்துற ஆஸ்தாலின்ங்கிறது சால்பியூட்டமால், அதுக்குத்தான் அமெரிக்காவுல ஆல்பியூட்டரால்னு பேரு. பேரு வேற, மருந்து ஒன்னு. அலர்ஜி மூக்கொழுகலுக்கு மான்டெலுகாஸ்ட் எடுத்ததும் மூச்சுக்குழாய் பிரச்சினைக்கு எடுத்ததும் ரூல்படி ஒன்னு இல்ல, ஆனா எதுக்கு எடுத்தான்னு சொல்ற சீட்டு கையில இருந்தா தான் அந்த வித்தியாசத்த காட்ட முடியும். பழைய சீட்டு பாட்டி வீட்டு அலமாரில மஞ்சப்பைக்குள்ள இருக்கும், போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க.

ரெண்டாவது ஏடிஎச்டி, அதாவது கவனம் நிக்காம துறுதுறுன்னு இருக்குற பிரச்சினை. இருந்தாலே டிக்யூ இல்ல, நாலுல ஏதாவது ஒன்னு இருந்தா தான். 14வது பிறந்தநாளுக்கு அப்புறம் ஸ்கூல்ல ஐஇபி இல்லனா 504 ப்ளான் (தனி உதவி, சலுகை கொடுக்குற திட்டம்) இருந்திருந்தா, கூடவே வேற மனநலப் பிரச்சினை இருந்திருந்தா, கடந்த 24 மாசத்துல மருந்து எழுதப்பட்டிருந்தா, படிப்பு இல்லனா வேலைல பாதிப்பு இருந்ததுக்கு ரெக்கார்டு இருந்தா. "எழுதப்பட்டிருந்தா"ங்கிற வார்த்தைய கவனிங்க. என் ஃப்ரெண்டோட பையன் பத்தாவது முடிச்ச ஜூன்ல கான்செர்டா சாப்பிடுறத டாக்டர் சொல்லி நிறுத்திட்டான், ஆனா எதுக்கும் இருக்கட்டும்னு செப்டம்பர்ல ஒரு பிரிஸ்கிரிப்ஷன் புதுப்பிச்சு வச்சாங்க, ஒரு மாத்திரை கூட முழுங்கல. கணக்கு செப்டம்பர்ல இருந்து ஆரம்பிச்சுது. அகாடமில சேர்ற நாள் ஜூன் கடைசி, ஜூலை ஆரம்பம், அப்ப 24 மாசத்துக்கு ரெண்டு மாசம் குறையுது, தேவையே இல்லாம ஒரு வேவர் கேஸ் ஆயிடுச்சு.

மூணாவது டிப்ரெஷன், ஆங்சைட்டி. மருந்து, கவுன்சிலிங் ரெண்டும் கணக்கு. எல்லாம் சேத்து 12 மாசத்துக்கு மேல சிகிச்சை, இல்லனா கடைசி 36 மாசத்துல அறிகுறியோ சிகிச்சையோ, இல்லனா ஆஸ்பத்திரில அட்மிட், திரும்ப வந்தது, தற்கொலை எண்ணம், இதுல எது இருந்தாலும் டிக்யூ. கோவிட் சமயத்துல நிறைய பிள்ளைங்க எஸ்எஸ்ஆர்ஐ (டிப்ரெஷன், ஆங்சைட்டிக்குக் கொடுக்குற மாத்திரை) எடுத்திருக்காங்க, அதுல ஒன்னும் வெக்கப்பட வேண்டியது இல்ல. ஆனா ஒன்ன மட்டும் கண்டிப்பா சொல்றேன். அகாடமிக்காக மருந்த நிறுத்தாதீங்க. எஸ்எஸ்ஆர்ஐய திடீர்னு விட்டா தலைசுத்தல், எரிச்சல், தூக்கம் போறது எல்லாம் வரும், விட்ட நோய் திரும்பவும் பிடிக்கலாம். டாக்டர் பாத்து கொஞ்சம் கொஞ்சமா குறைச்சு நிறுத்தி, அதுக்கப்புறம் பிள்ளை நல்லா இருந்தா, அப்ப இந்தக் கணக்க போடுங்க. 36 மாசம் பத்தலனா ஒரு காலேஜ்ல சேந்து ரெண்டு வருஷம் கழிச்சு கேக்கலாம்.

முகப்பருவுக்கு ஐசோட்ரெடினாயின் எடுத்தா அது தற்காலிகத் தடை தான், கோர்ஸ் முடிஞ்சு சில வாரத்துல தீந்துடும்.

ரெக்கார்டு எடுக்குறது, இங்கதான் மொத்த ஆட்டமும்

லெவன்த் கிரேடு முடியுற சம்மர்லயே ஆரம்பிங்க. அகாடமி சொல்லாம டாட்மெர்ப் ஆரம்பிக்காது, நீங்களா போய் எக்ஸாம் புக் பண்ண முடியாது, ஆனா பேப்பர் சேக்குறதுக்கு யாரு பர்மிஷனும் வேண்டாம்.

என்னென்ன வேணும்னா, குழந்தை டாக்டர்கிட்ட இருந்து முழு சார்ட். பேஷன்ட் போர்ட்டல்ல தெரியுற சுருக்கம் இல்ல, ஒவ்வொரு விசிட்டுக்கும் டாக்டர் டைப் பண்ணின நோட்ஸ். கூடவே பார்மசில இருந்து மருந்து வாங்கின ஹிஸ்டரி பிரிண்ட் அவுட், ஒவ்வொரு ஃபில்லும் தேதியோட இருக்கும். அர்ஜென்ட் கேர், ஈஆர் (எமர்ஜென்சி) போயிருந்தா அதுவும். கவுன்சிலர் பாத்திருந்தா அவங்க ரெக்கார்டு. ஸ்கூல்ல இருந்து 504, ஐஇபி இருந்துச்சா இல்லையா, இருந்தா எந்த தேதில முடிஞ்சுதுன்னு ஒரு லெட்டர். ஹிப்பாங்கிற அமெரிக்க மெடிக்கல் ரெக்கார்டு சட்டப்படி நீங்க கேட்டா 30 நாளுக்குள்ள கொடுக்கணும். பிள்ளைக்கு 18 ஆயிட்டா கையெழுத்து அவன் தான் போடணும், அம்மா அப்பா கேட்டா கிடைக்காது.

எங்க கேஸ்ல சார்ட் கைக்கு வந்ததும் ராத்திரி உக்காந்து படிச்சேன், 61 பக்கம். அந்த ஜனவரி விசிட் நோட்ல டாக்டர் எழுதினது "வறட்டு இருமல், ரெண்டு வாரம், நுரையீரல் சுத்தமா இருக்கு, வீசிங் இல்ல". கீழ பில்லிங் பகுதில போட்ட கோடு மட்டும் ஜே45.20, அப்படின்னா லேசான ஆஸ்துமா. இருமல் கோடு போட வேண்டிய இடத்துல ஆஸ்துமா கோடு. வேணும்னு பண்ணினாங்களா, இன்ஹேலருக்கு இன்சூரன்ஸ் க்ளெய்ம் போக வசதியா இருக்கும்னு போட்டாங்களா, தெரியாது, கேட்டதுக்கு நேரா பதிலும் வரல. அதுக்கும் மேல, மருந்து லிஸ்ட்ல அந்த இன்ஹேலர் மூணு வருஷமா "நடப்பு மருந்து"ன்னே நிக்குது, யாருமே எடுக்கல. ஒவ்வொரு வருஷமும் செக்கப் போறப்ப நர்ஸ் "மருந்துல மாற்றம் இருக்கா"ன்னு கேப்பாங்க, நாமளும் போன பாத்துக்கிட்டே "இல்ல"ன்னு சொல்லுவோம், அப்ப அது அப்படியே நிக்கும். இத வாசிக்கிற பெரியவங்க தயவுசெஞ்சு அடுத்த செக்கப்ல அந்த லிஸ்ட்ட ஒரு தடவ வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்க.

இப்படி தப்பு இருந்தா திருத்தச் சொல்லி எழுத்துல கேக்குற உரிமை இருக்கு, அவங்க 60 நாளுக்குள்ள பதில் சொல்லணும். பழசை அழிக்க மாட்டாங்க, அழிக்கவும் கூடாது, மேல ஒரு சேர்க்கை நோட் போடுவாங்க: "அன்னைக்கு ஆஸ்துமான்னு முடிவு பண்ணல, இருமலுக்கு சோதனையா கொடுத்தோம்"னு. ஆனா உண்மையிலேயே ஆஸ்துமா இருந்த பிள்ளைக்கு "இல்லன்னு எழுதிக்குடுங்க டாக்டர்"னு கெஞ்சப் போகாதீங்க, நல்ல டாக்டர் எழுத மாட்டார், எழுதினாலும் மீதி நோட்ஸ் காட்டிக்கொடுத்துடும்.

ஃபார்ம் நிரப்புறது

மெடிக்கல் ஹிஸ்டரி ஃபார்ம், டிடி 2492. கேள்வி எல்லாம் "எப்பவாவது இருந்துச்சா" ரகம். எங்க வீட்டுக்காரர் "நாலு நாள் அடிச்ச இன்ஹேலரப் போய் எழுதணுமா, விடு"ன்னார். ரெண்டு நாள் சண்டை. எழுதினோம். அது ஃபெடரல் ஃபார்ம், பொய் சொல்லி கையெழுத்து போட்டா குற்றம், படிச்சுட்டு இருக்குறப்ப மூணாவது வருஷம் வெளிய வந்தா கூட வீட்டுக்கு அனுப்பலாம், அதுவரைக்கும் படிச்ச செலவ திருப்பிக் கட்டச் சொல்லலாம். பார்மசி, இன்சூரன்ஸ் ரெண்டு பக்கமும் தடம் இருக்கு. மறைச்சு மாட்டினா மருந்து பிரச்சினை போய் நேர்மைப் பிரச்சினை ஆயிடும், அதுக்கு வேவரே கிடையாது.

அதே சமயம் ஊர்க்கதை எல்லாம் எழுதாதீங்க. கேட்டதுக்கு பதில்: எந்த மாசம், என்ன மருந்து, எதுக்கு, எவ்வளவு நாள், கடைசியா எப்ப, இப்ப எப்படி. அவ்வளவுதான். "சின்ன வயசுல இருந்தே நெஞ்சு சளி ஜாஸ்தி"ன்னு பாட்டி சொல்றத எழுதினா புதுசா ஒரு கேள்விய நீங்களே பெத்துப் போடுறீங்க.

எக்ஸாம் பெருசா ஒன்னும் இல்ல. ஒரு டாக்டர் விசிட், ஒரு கண் டாக்டர் விசிட், வீட்டுக்குப் பக்கத்துலயே கான்ட்ராக்ட் டாக்டர் கிட்ட, அரசாங்கமே காசு கொடுக்கும். அந்த டாக்டர் முடிவு பண்றவர் இல்ல, அவர்கிட்ட வாதாடி பிரயோஜனம் இல்ல.

கூடுதல் தகவல் கேட்டா

எக்ஸாம் முடிஞ்சு வர்ற பதில்ல "கூடுதல் மெடிக்கல் தகவல் தேவை"ன்னு வரலாம், சுருக்கமா ஏஎம்ஐம்பாங்க. இது நல்லதும் இல்ல கெட்டதும் இல்ல, கேக்குறாங்க அவ்வளவுதான். என்ன கேட்டாங்களோ அத மட்டும், கேட்ட மாதிரியே, சீக்கிரமா கொடுங்க.

இன்ஹேலர் கேஸ்ல பெரும்பாலும் நுரையீரல் டெஸ்ட் கேப்பாங்க. ஸ்பைரோமெட்ரில ஊதச் சொல்லி அளப்பாங்க, மருந்து கொடுத்து திரும்ப ஊதச் சொல்லுவாங்க, ரெண்டாவது தடவ 12 சதவீதமும் 200 மில்லியும் கூடினா குழாய் சுருங்கியிருந்துச்சுன்னு அர்த்தம். மெத்தகோலின் டெஸ்ட்னு ஒன்னு இருக்கு, அதுல கொஞ்சம் கொஞ்சமா டோஸ் கூட்டி மருந்த இழுக்க வச்சு, ஊதுற அளவு 20 சதவீதம் விழுதான்னு பாப்பாங்க. என் பையன் கடைசி டோஸ் வரைக்கும் போய் 4 சதவீதம் தான் விழுந்துது, வெளிய வந்து "அம்மா, பர்கர்"னான். அந்த ஒரு பேப்பர் தான் எங்க கேஸோட முதுகெலும்பு. சளி பிடிச்சிருக்குறப்ப இந்த டெஸ்ட் போகாதீங்க, தப்பான ரிசல்ட் வரும், தள்ளிப் போடுங்க. நுரையீரல் டாக்டர் அப்பாயின்ட்மென்ட் கிடைக்க வாரக்கணக்குல ஆகும், அதனால லெட்டர் வந்த அன்னைக்கே போன் போடுங்க. ஆனா லெட்டர் வர்றதுக்கு முன்னாடி நீங்களா போய் டெஸ்ட் எடுக்காதீங்கங்கிறது என் அபிப்பிராயம், அவங்க எந்த டெஸ்ட் கேப்பாங்கன்னு நமக்குத் தெரியாது.

ஏடிஎச்டின்னா மருந்து இல்லாத காலத்து மார்க் ஷீட் தான் பேசும், சலுகை நேரம் இல்லாம எழுதின எஸ்ஏடி (காலேஜ் சேர எழுதுற பரீட்சை) மார்க்கும் சேத்து. டிப்ரெஷன்னா சிகிச்சை கொடுத்தவரோட நோட்ஸ், அதோட இப்போதைய நிலைய சொல்ற ஒரு சைக்கியாட்ரி மதிப்பீடு கேக்கலாம்.

டாக்டர் லெட்டர் வாங்குறப்ப "ரொம்ப நல்ல பையன், நாட்டுக்கு சேவை செய்ய ஆசைப்படுறான்"னு எழுதுவாங்க, அத யாரும் படிக்க மாட்டாங்க. வேண்டியது: என்ன நோய்னு அன்னைக்கு நினைச்சாங்க, எதை வச்சு நினைச்சாங்க, மருந்து எந்த தேதில இருந்து எந்த தேதி வரை, ஏன் நிறுத்தினாங்க, நிறுத்தின பிறகு என்ன நடந்துச்சு, இன்னைக்கு சோதிச்சப்ப என்ன இருந்துச்சு, கட்டுப்பாடு ஏதாவது தேவையா. இந்த வரிசைய ஒரு பேப்பர்ல எழுதி டாக்டர் கையில கொடுத்துடுங்க, அவங்களுக்கும் வேலை மிச்சம்.

டிக்யூ லெட்டர் வந்த பிறகு

மொழி கொஞ்சம் கொடூரமா இருக்கும், "மெடிக்கல் தகுதிய பூர்த்தி செய்யல"ன்னு. பிள்ளை முகம் சுருங்கிடும். அன்னைக்கு நைட் எதுவும் பேசாதீங்க, தோசை ஊத்திக் கொடுங்க, மறுநாள் பாக்கலாம்.

மறுநாள் ஒரே ஒரு கேள்வி: டிக்யூ தப்பா, சரியா? ரூல் புக்ல இருக்குற வரிக்கு உங்க பேப்பர் பொருந்தலன்னா, உதாரணத்துக்கு மருந்து எடுத்தது 12 வயசுலன்னு சீட்டு இருக்குன்னா, டாட்மெர்ப்புக்கே மறுப்பு எழுதலாம், புது ஆதாரத்தோட. பொருந்துதுன்னா மறுப்பு எழுதி நாள வீணாக்காதீங்க, அது வேவர் விஷயம், அகாடமி பக்கம். எங்களுக்கு கோடு தப்புன்னு ஒரு வாதம் இருந்துச்சு, ஆனா மருந்து 14 வயசுல எழுதினது உண்மை, அதனால மறுப்ப விட்டுட்டு சேர்க்கை நோட்டையும் மெத்தகோலின் ரிசல்ட்டையும் வேவருக்குத் தயாரா வச்சோம்.

அப்ப பிள்ளை பண்ண வேண்டியது, அட்மிஷன் ஆபீஸ்ல உங்க ஏரியா பாக்குற அதிகாரிக்கு நாலு வரி மெயில்: டிக்யூ வந்திருக்கு, இன்னும் ஆர்வமா இருக்கேன், வேவருக்குப் பரிசீலிக்கிறீங்களா, என்ன பேப்பர் வேணும். எழுதுறது பிள்ளை. அம்மா இல்ல, அப்பா இல்ல. நான் ஒரு தடவ போன் பண்ணிட்டேன், அந்தப் பக்கம் இருந்தவர் மரியாதையா "மேடம், கேண்டிடேட்ட பேசச் சொல்லுங்க"ன்னு வச்சுட்டார், பையன் ரெண்டு நாள் என்கிட்ட பேசல.

வேவர் பாக்குறவங்க திரும்பவும் ஏதாவது டெஸ்ட் கேக்கலாம், கொடுங்க. நடுவுல மத்த ஃபைல பலப்படுத்துங்க. ஃபிட்னஸ் டெஸ்ட்ல ஒரு மைல் ஓட்டம் இருக்கு, மூச்சு விஷயமா டிக்யூ வாங்கின பிள்ளைக்கு அந்த நேரம் தான் பாதி பதில். என் பையன் கிராஸ் கன்ட்ரி ஓடுறவன், கோச் லெட்டர்ல "மூணு சீசன்ல இன்ஹேலர் பாத்ததே இல்ல"ன்னு ஒரு வரி இருந்துச்சு. நாமினேஷன் இன்டர்வியூவுக்கு வேவர் வரட்டும்னு காத்திருக்காதீங்க, செனட்டர், காங்கிரஸ் மெம்பர் ஆபீஸ் தேதி எல்லாம் அது பாட்டுக்கு ஓடும். கோஸ்ட் கார்டு அகாடமிக்கு மட்டும் நாமினேஷனே வேண்டாம்.

முடியாதுன்னுட்டா

அகாடமி கொடுக்கலன்னா ஆர்ஓடிசி தனி வழி, தனி வேவர் அதிகாரி. அங்க பெரும்பாலும் ஸ்காலர்ஷிப் ஆஃபர் வந்த பிறகு தான் மெடிக்கலே ஆரம்பிக்கும். கால அளவு பத்தாத கேஸ்ல, 24 மாசமோ 36 மாசமோ, ஒரு வருஷம் காலேஜ் படிச்சுட்டு திரும்ப அகாடமிக்கு அப்ளை பண்றது சாதாரணமா நடக்குறது தான். காலேஜ் மார்க் நல்லா இருந்தா ஃபைல் முன்ன விட கனமா இருக்கும்.

கொடுத்துட்டாங்கன்னா, வேவர் வந்த நாள்ல இருந்து சேர்ற நாள் வரைக்கும் உடம்புல எது மாறினாலும் அவங்ககிட்ட சொல்லணும், புது மருந்து உள்பட. எங்களுக்கு மார்ச்ல வேவர் வந்துச்சு, ஏப்ரல்ல பையனுக்கு பூந்தாது அலர்ஜில இருமல், அர்ஜென்ட் கேர்ல பாத்தவங்க "எதுக்கும் ஒரு இன்ஹேலர் எழுதவா"ன்னு கேட்டாங்க. நான் பதில் சொல்றதுக்குள்ள பையனே கேட்டான், "எனக்கு வீசிங் இருக்கா டாக்டர்?" ஸ்டெத் வச்சுப் பாத்துட்டு இல்லன்னாங்க. "அப்ப அதையும் நோட்ல எழுதிடுங்க"ன்னான். வெறும் அலர்ஜி மாத்திரையோட வெளிய வந்தோம், அந்த மாத்திரை பேரையும் அன்னைக்கு நைட்டே மெயில்ல தெரியப்படுத்திட்டான்.